ஓவர்சியர் வாங்கிய பைனாகுலர்

அந்தப் பைனாகுலரை முதன்முதலாகக் கண்ணில் வைத்தபோது எனக்குத் தெரிந்தது காடோ விலங்கோ அல்ல, ஒரு பல் வைத்தியரின் பெயர்ப்பலகை. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய கேமராக்களும் கைக்கடிகாரங்களும் விற்கும் ஒரு பாயின் கடை. உச்சி வெயில். கடைப் பலகைமேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு சாலைக்கு அப்பால் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு நீலக் கட்டமாகத் தெரிந்தது கண்ணாடிக்குள் வந்ததும் எழுத்துகளாகப் பிரிந்தது. 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்' என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்த மாலை நேரத்தைக்கூட வாசித்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஓவர்சியர், "அடேங்கப்பா, அத்தயும் படிச்சிட்டியா?" என்றார். அவர் குரலில் இருந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது. அது எனக்கு அவ்வளவு பிடிக்காமல் இருந்திருந்தால் அன்று வேறொரு கண்ணாடியோடு ஊர் திரும்பியிருப்போம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அப்படித் திரும்பியிருந்தாலும் எல்லாம் அப்படியேதான் நடந்திருக்கும் என்றும் சில நாள் தோன்றும். எது சரி என்று இன்றுவரை தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலைக்கு அமிர்திக் காட்டுப் பக்கமிருந்து ஏறும் ஒரு சாலைக்காக அளவெடுக்க வந்த குழுவில் நான் சர்வேயர், வயது இருபத்துநான்கு. ஓவர்சியர் எனக்கு மேலே. கண்ணமங்கலத்துக்காரர், நாற்பத்தைந்தைத் தாண்டியவர், கட்டை குட்டையான உடம்பு. எங்களில் மலை ஏறும்போது மூச்சு வாங்காத ஒரே ஆள். வேலையாட்களைக் கண்டபடி திட்டுவார், திட்டிய கையோடு தன் டிபன் கேரியரைத் திறந்து அவர்களுக்கே சோற்றைப் பகிர்ந்து வைப்பார். அவரிடம் ஒரு பழைய ரைஃபிள் இருந்தது. துப்பாக்கிக்கு லைசென்ஸ், வேட்டைக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு, இரண்டும் வைத்திருந்தார். வேட்டையை அடியோடு தடுத்த சட்டம் மலைக்கு வந்து சேர்ந்தது அதற்குக் கொஞ்ச காலம் கழித்துத்தான். சாமைக் கொல்லைகளுக்குப் போக வர மலை ஜனங்கள் கரடிக்குப் பயந்து நடந்த நாட்கள் அவை. கரடி அறைந்து ஒரு கண்ணும் ஒரு கன்னமும் போன மனிதர் ஒருவர் எங்கள் கூடாரத்தைத் தாண்டித்தான் தினமும் மாடு ஓட்டிப் போவார். ஊர்க்காரர்கள் வந்து ஓவர்சியரைக் கூப்பிடுவார்கள், அவரும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போவார். அவருக்கு அதில் ஆசையும் இருந்தது. அதை அவர் மறைத்ததில்லை.

பைனாகுலர் வாங்கும் எண்ணம் அவருக்கு ஒரு பிழையிலிருந்து வந்தது. அதை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதற்கு முந்தின வருஷம் ஒரு பெட்டைக் கரடியைச் சுட்டிருந்தார். கரடிக் குட்டிகள் தாயின் முதுகில் ஏறித் தொற்றிக்கொண்டு போகும், தூரத்திலிருந்து பார்த்தால் தாயின் முடியும் குட்டியின் முடியும் ஒன்றாகவே தெரியும். தாய் விழுந்த பிறகுதான் அதன் முதுகிலிருந்து இரண்டு குட்டிகள் இறங்கின. அவை ஓடவில்லை. இவர் பக்கத்தில் போன பிறகும் தாயின் மடியைத் தேடிக்கொண்டிருந்தன. ஒன்று மறுநாள் செத்தது, மற்றதை வனத்துறைக்காரர்கள் கொண்டுபோனார்கள். "அதுலேர்ந்து எனக்கு ஒண்ணுதான் சர்வேயரே" என்றார். "சுடறதுக்கு மின்ன, குட்டி கீதா இல்லியான்னு பாத்துடணும். இனிமே என் கண்ண நம்ப மாட்டேன். நல்ல தூரக்கண்ணாடியா ஒண்ணு வேணும். நீ கண்ணாடி தெரிஞ்சவன், கூட வா."

கண்ணாடி தெரிந்தவன் என்று அவர் சொன்னது நான் தினமும் தியோடலைட்டில் கண் வைத்து வேலை செய்பவன் என்பதால். அது கோணம் அளக்கும் கருவி, முக்காலியில் நிற்கும், அதற்கு ஒரு சிறிய தொலைநோக்கி உண்டு. லென்சைத் துடைக்கவும், உள்ளே பூசணம் பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும் எனக்குத் தெரியும். இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம். பாய் இரண்டு பைனாகுலர்களை எடுத்து வைத்தார். ஒன்று குட்டையாக, தடித்து, முன் லென்சுகள் அகலமாக இருந்தது. ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும், கப்பலில் இருந்தது என்றார். மற்றது நீளமானது, பன்னிரண்டு மடங்கு. ஓவர்சியர் குட்டையானதை எடுத்துக் கண்ணில் வைத்தார், அதை இறக்கவே இல்லை. கடை வாசலில் நின்றுகொண்டு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"இதுல கண்ணு சும்மா போய் உக்காந்துக்குது சர்வேயரே. ஜன்னல தொறந்து பாக்கற மாதிரி கீது" என்றார்.

பாயும் அதையே சொன்னார். இரண்டையும் கை நீட்டி வானத்துக்கு நேராகப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரிந்த வெளிச்ச வட்டங்களைக் காட்டினார். குட்டையானதில் வட்டம் பெரிது, நீளமானதில் பாசிப்பருப்பு அளவு. "விடிகாலை, சாயங்காலம், மப்பு போட்டா, இந்தப் பெரிய வட்டம்தான் சார் வேலைக்கு ஆவும். அந்தப் பெரிய நம்பரு சும்மா பேருக்கு" என்றார். வியாபாரி ஒருவர் தன்னிடம் இருப்பதில் விலை கூடியதைத் தானே குறைத்துச் சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. நாங்கள் பார்க்க வேண்டியது பக்கத்துத் தெரு அல்ல, எதிர் மலை. ஏழு மடங்கில் அங்கே என்ன தெரிந்துவிடும்? நான் அறிந்த தொலைநோக்கியில் பெரிதாகக் காட்டுவதே மேலானது. அந்தத் தொலைநோக்கிக்குக் கீழே எப்போதும் ஒரு முக்காலி இருந்ததையோ, நான் அதில் வேலை செய்தது எப்போதும் நல்ல வெயிலில் என்பதையோ நினைக்கவில்லை. பூசணம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறி மாறிப் பார்த்து, இரண்டு குழாயும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று சோதித்தேன், காட்டின. பிறகு முழங்கையை ஊன்றிக்கொண்டு பல் வைத்தியரின் பலகையை வாசித்தேன். எழுந்து நின்று, கையை ஊன்றாமல் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "பெரிய மடங்கையே வாங்கிடலாம் சார்" என்றேன். ஓவர்சியர் குட்டையானதைத் தயங்கித் தயங்கிக் கீழே வைத்தார். "நீ சொன்னா சரி" என்றார்.

மலைக்கு வந்த முதல் நாளே அது தெரிந்துவிட்டது. கையில் பிடித்து நின்றால் வட்டத்துக்குள் எதிர் மலை நடுங்கியது. என் நெஞ்சு அடிப்பது அதில் தெரிந்தது. ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மரத்தைத் தேடினால் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது, அவ்வளவு குறுகல். ஓவர்சியர் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, "இன்னாய்யா, தண்ணில மொகம் பாக்கற மாதிரி ஆடிக்கினே கீது" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். நான் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதில், பாறைமேல் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஆட்டம் குறையும் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. பார்ப்பது நான், சுடுவது அவர். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருந்தவரை இல்லாத ஒரு நிம்மதி எங்கள் இருவருக்கும் அதில் இருந்தது. பார்த்த பொறுப்பு என்னுடையது, சுட்ட பொறுப்பு அவருடையது, இரண்டும் பாதிப் பாதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

மார்கழி. எதிர்ச் சரிவில் ஒரு வாரமாகக் கரடி தோண்டுகிறது, புதிய பள்ளங்கள் தெரிகின்றன என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் விடிந்ததும் நாங்கள் இருவரும் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் ஒரு சப்பட்டைப் பாறையில் போய் உட்கார்ந்தோம். கீழே பனி பால் போல் நிறைந்திருந்தது. அது மெல்ல மேலேறி எதிர்ச் சரிவை மூடும், விலகும், மறுபடி மூடும். சூரியன் எங்கள் முதுகுப் பக்கத்து மலையைத் தாண்டவில்லை. ஒருமுறை பனி விலகியபோது, உன்னிப் புதர்களுக்கு நடுவே ஒரு பாறைக்குக் கீழே, கறுப்பாக ஏதோ குனிந்து அசைந்தது. ஓவர்சியர் என் தோளைத் தொட்டார். "அதோ" என்றார்.

அதற்குப் பிறகு பேசியவை மிகக் குறைவு. எனக்கு அவை சொல் மாறாமல் நினைவிருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன். "தூரம்?" என்று கேட்டார். "இருநூத்தி அம்பது கஜம் சார்" என்றேன். தூரம் சொல்வது என் தொழில், அது சரியாகவே இருந்தது. அடுத்து, "குட்டி கீதா பாரு" என்றார். நான் குட்டியைத் தேடினேன். வட்டம் என் நாடித் துடிப்போடு குதித்தது. அதற்குள் ஒரு கறுப்பு முதுகு. அதன்மேல் பனித்துளிகள் மின்னியது நினைவிருக்கிறது. தலை புதருக்குள் இருந்தது. முதுகின்மேல் இன்னொரு மேடு இருக்கிறதா, பக்கத்தில் சிறிதாக ஏதாவது அசைகிறதா என்று மட்டுமே பார்த்தேன். முதுகு வழவழவென்று ஒரே மேடாக இருந்தது. பனி மறுபடி ஏறிவந்தது. "சீக்கிரம்" என்றார். "குட்டி இல்ல சார்" என்றேன். சுட்டார்.

சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்தது. அந்த எதிரொலிக்குள் வேறொரு குரலும் இருந்தது. உறுமலா, கூவலா, எங்களுக்குப் புரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் முகத்தில் என்ன கேள்வி இருந்ததோ அதுதான் என் முகத்திலும் இருந்திருக்க வேண்டும். எதிர்ச் சரிவைப் பனி முழுதாக மூடிவிட்டது.

பள்ளத்தில் இறங்கி அந்தப் பக்கம் ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது. பாறையில் குண்டு பட்ட வெள்ளைத் தழும்பு. ரத்தம் எங்கேயும் இல்லை. பாறைக்குக் கீழே புதிதாகத் தோண்டிய பள்ளம், பிய்ந்த காட்டு வள்ளிக்கொடி, பாதி ஒடிந்த கிழங்கு. எனக்கு மூச்சு வந்தது. கரடியும் கிழங்கு தோண்டித் தின்னும். "தப்பிச்சிடுச்சு சார்" என்றேன், கிட்டத்தட்ட சிரித்துக்கொண்டே. ஓவர்சியர் புதருக்குள் கையை விட்டு எதையோ இழுத்தார். முனையில் இரும்புப் பூண் போட்ட ஒரு கம்பு. கிழங்கு தோண்டும் கம்பு. பிடியில் கை பட்டுப் பட்டு மரம் பளபளத்திருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "இது கரடி தூக்கினு வந்ததா சர்வேயரே?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்றுதான் கேட்டார்.

இரண்டு நாள் நாங்கள் வேலைக்குப் போனோம், அளந்தோம், எழுதினோம். ஊருக்குள் போய் விசாரிக்கலாம் என்று அவர் சொன்னபோதெல்லாம் நான் தடுத்தேன். யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் அவர்களே வந்திருப்பார்கள், நாமாகப் போய்க் கேட்டால் இல்லாத சந்தேகத்தை நாமே கிளப்பிவிட்டதாகும் என்றேன். எனக்கு வேலை புதிது, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண்ணும் அவள் கணவரும் கூடாரத்துக்கு வந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. தோளில் கறுப்புக் கம்பளி. தலையில் ஒரு கூடை, கூடையில் சாமையும் கிழங்கும். அதை ஓவர்சியர் முன்னால் இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"சாமி மாதிரி காப்பாத்தினீங்கய்யா. நான் குனிஞ்சி தோண்டிக்கினு கீறேன், பின்னால மூச்சு வுடற சத்தம் கேக்குது. எங்க வூட்டுக்காருன்னு நெனச்சித் திரும்பறேன், கரடி. ரெண்டு கால்ல எழுந்து நிக்குது. எனக்கு வாயும் வரல, காலும் வரல. அப்பதான் டமால்னு கேட்டுது. அது அந்தாண்ட ஓடிச்சு, நான் இந்தாண்ட ஓடினேன். மூணு நாளா ஜுரம். இன்னிக்குத்தான் எழுந்து வந்தேன். என் கம்பு கூட உங்ககிட்ட கீதுன்னு உங்க ஆளுங்க சொன்னாங்க."

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான். கரடி இருந்தது! நாங்கள் பார்த்தது கரடியைத்தான்! அப்புறம்தான் அந்தக் கம்பளி கண்ணில் பட்டது. ஓவர்சியரின் கண் அதற்கு முன்பே அங்கே போயிருந்தது. "நீ எங்க இருந்தம்மா? அது எங்க இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் மண்ணில் கால் கட்டைவிரலால் ஒரு கோடு கிழித்து, "இது நானு" என்றாள். நாலடி தள்ளி இன்னொரு கோடு கிழித்து, "இது அது" என்றாள். குனிந்திருந்தது யார்? அவள். எழுந்து நின்றது எது? கரடி. நான் பார்த்தது குனிந்த முதுகு. ஆனால் கரடியும் எழுந்து நிற்பதற்கு முன்னால் நாலு காலில்தானே வந்திருக்கும்? என் வட்டம் அவ்வளவு ஆட்டம், சுற்றிலும் பனி. அதில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று புதருக்குப் பின்னால், பனிக்குள், என் கண்ணுக்கு இல்லாமல் இருந்திருக்கிறது. எது தெரிந்தது, எது மறைந்தது?

ஓவர்சியர் வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போகிறார் என்று தெரிந்து நான் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் மூடிக்கொண்டார். கணவர் கம்பை வாங்கிக்கொண்டார். அவள் மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கிழங்கை வேலையாட்கள் அவித்தார்கள். நான் தின்றேன். அவர் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு அந்தச் சப்பட்டைப் பாறைக்குப் போனேன். நல்ல வெயில். முக்காலியை நிறுத்தி, எதிர்ப் பாறையில் குண்டு பட்ட தழும்பைக் குறிவைத்தேன். தழும்பு ஊசி குத்தியதுபோல் தெளிவாகத் தெரிந்தது, உன்னி இலைகளின் நரம்புகூடத் தெரிந்தது. இந்தத் தெளிவு அன்று காலை ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் போதும். பார்வையைத் தழும்பிலிருந்து மெல்லக் கீழே இறக்கினேன். பள்ளத்தின்மேல் இறங்கினால் குண்டு அவளை நோக்கி வந்தது என்று அர்த்தம். அவள் காட்டிய கணக்கில் கரடி நின்ற புதரின்மேல் இறங்கினால் கரடியை நோக்கி. அது இரண்டுக்கும் நடுவே இறங்கியது. இரண்டு தரம், மூன்று தரம் பார்த்தேன். நடுவேதான். கை எந்தப் பக்கம் பிசகியது என்று தெரியாமல் இதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் அங்கே முடிந்துபோயிற்று. மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஓவர்சியர் அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. அடுத்த மாதம் கீழே இறங்கிப் போய் அதைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதன்பின் கரடி என்று யார் வந்து கூப்பிட்டாலும், "துப்பாக்கி இல்லப்பா" என்பார். பைனாகுலர் அவர் பெட்டியில் இருந்தது, பிறகு என்ன ஆனதென்று தெரியாது. என்னிடம் பழையபடியே பேசினார், திட்டினார், சோறு வைத்தார். ஆனால் 'நீதானே பார்த்தாய்' என்று ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் 'நீங்கள்தானே அதோ என்றீர்கள்' என்று நானும் கேட்டிருப்பேன், சண்டை போட்டிருப்போம், ஏதோ ஒரு பக்கம் அது இறங்கியிருக்கும். அவர் கேட்காமல் விட்டதால் அது எங்கள் நடுவிலேயே நின்றுவிட்டது. சாலை வேலை முடிந்தது. எனக்குத் திருப்பத்தூருக்கு மாற்றல் வந்தது. சில ஆண்டுகள் கழித்து அவர் காலமாகிவிட்டார் என்று ஒரு பழைய வேலையாள் சொன்னான். நான் சாவுக்கும் போகவில்லை, கருமாதிக்கும் போகவில்லை.

எண்பதுகளின் நடுவில், திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மதிய வேளை, "சர்வே சார்தானே?" என்று ஒரு குரல். அவள்தான். தலை நரைத்திருந்தது. புளி விற்க வந்தவள், மீந்த கூடையோடு மலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னை அடையாளம் கண்டதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருமுறைதானே பார்த்தாள்.

"அந்தப் பெரியவரு நல்லா கீறாரா?" என்று கேட்டாள்.

இறந்துவிட்டார் என்றேன். "அய்யோ" என்று கூடையைக் கீழே வைத்தாள். "நல்ல மனுசன். அப்பால வூட்டுக்கு வந்தாரே, உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவள் நின்றபடியே சொன்னாள். கிழங்குக் கூடை கொடுத்துவிட்டுப் போன அடுத்த வாரம் ஓவர்சியர் தனியாக அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்றபடி, உன்னைக் காப்பாற்ற நான் சுடவில்லை, நீ அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது, நான் பார்த்தது உன்னையா கரடியையா என்பதும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

"எங்க வூட்டுக்காரு அருவாளத் தூக்கிட்டாரு. அவரு நவுரவே இல்ல. அப்படியே நிக்கறாரு. அப்பறம் எங்க வூட்டுக்காரே அருவாளப் போட்டுட்டு அழுதாரு. அந்தப் பெரியவரு சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருந்தாரு. களி போட்டேன், துன்னாரு." என்னைப் பார்த்து, கிட்டத்தட்ட வாஞ்சையோடு சொன்னாள்: "உன்னப் பத்தியும் சொன்னாரு. 'அந்தக் கண்ணாடில பாத்தது நான்தான், கரடின்னு நெனச்சதும் நான்தான்'னாரு. கூட இருந்த சர்வேயரு, 'சரியா தெரியல, சுடாதீங்க'ன்னு சொன்னாரு, நான்தான் கேக்கலன்னாரு. அதனாலதான் உன் மொகத்த நான் மறக்கல."

பன்னிரண்டு வருஷமாக ஒரு மலைக் குடிசையில் நான் நல்லவனாக இருந்திருக்கிறேன். அப்படியே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒருவேளை நான் அப்படித்தான் சொன்னேனோ என்று ஒரு கணம் தோன்றியது. 'சரியா தெரியல சார்' என்று என் குரலே காதில் கேட்டது. சொல் மாறாமல் நினைவிருக்கிறது என்று நான் நம்பியிருந்த அந்தக் காலை முழுவதும் ஆட்டம் கண்டது. பிறகு என்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"இல்லக்கா" என்றேன். "அவரு பாக்கல. நான்தான் பாத்தேன். அந்தக் கண்ணாடிய வாங்கச் சொன்னதும் நான்தான். சுடாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. குட்டி கீதா பாருன்னாரு. குட்டி இல்லன்னு சொன்னேன். அவ்ளோதான். சுட்டாரு."

"குட்டியா?"

"கரடிக் குட்டி. குட்டியோட கீற கரடிய அவரு சுட மாட்டாரு."

மலை பஸ் வந்து நின்றது. ஜனங்கள் முட்டி மோதி ஏறினார்கள். அவள் ஏறவில்லை. அவள் என்னை அறைய வேண்டும், ஏச வேண்டும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, முகத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் நின்றேன். அவள் கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எங்கள் இருவர் சொன்னதையும் மனத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"அவரு, நான்தான் பாத்தேன்னாரு. நீ, நான்தான் பாத்தேன்றே" என்றாள். "நீ பாத்தது குட்டி கீதான்னுதான். அப்ப அங்க கீறது நானா கரடியான்னு யாருதான்யா பாத்தீங்க?"

அவளுக்கு அது உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தான். கூடையை எடுத்து அவள் தலையில் வைத்தேன். படியில் ஒரு காலை வைத்தபடி, பதிலுக்காகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.